கோடு போட்ட ஜெ

திங்கட்கிழமை காலை டீ வருவதற்கு முன்பே பூபாலன் ஜெகதாம்பாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டான். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் முதலாளியின் கழுத்து வியர்த்திருந்தது. உட்காருங்கக்கா என்றுகூடச் சொல்லாமல் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

சாம்பல் நிறத் துணியின்மேல் ஓர் உடைந்த இரும்புத் தண்டு. கட்டைவிரல் நீளம் இருக்கும். ஒரு முனை கருகிப்போயிருந்தது. இன்னொரு முனையில், அப்பியிருந்த புழுதிக்கு நடுவே, தமிழில் ஒற்றை எழுத்து தெரிந்தது. ஜெ.

"நம்ம பஞ்ச் மாரியே கீதே," என்றாள்.

"மாதிரி இல்லக்கா. நம்மதுதான்."

அந்தத் தண்டு கிடைத்த இடம் அம்பத்தூரிலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி. அங்கே ஒரு சின்ன நாட்டை அதன் பக்கத்து நாடு ஒன்றரை வருடமாக அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. ஆளில்லாமல் பறக்கிற விமானங்களில் குண்டைக் கட்டி அனுப்பினார்கள். அப்படி வந்து விழுந்த ஒன்றின் எரிபொருள் பம்ப்புக்குள் சுழன்றுகொண்டிருந்த தண்டு இது. இந்தச் சண்டைக்குள் மூன்றாவதாக ஒரு பெரிய நாடு தலையை நுழைத்து, அடிக்கிறவனுக்கு எவன் சாமான் கொடுத்தாலும் தொலைத்துவிடுவேன் என்று உலகம் பூராவும் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்டின் பெயரை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. பட்டறையில் எல்லோருக்கும் அது பெரியண்ணன்தான்.

பெரியண்ணனின் ஆட்கள் அந்த எழுத்து எந்த மொழி என்று விசாரித்தார்கள். தமிழ்நாட்டில் பம்ப் செய்கிற கம்பெனிகளுக்கெல்லாம் படத்தை அனுப்பினார்கள். பூபாலனிடம் தண்டு வாங்குகிற பெரிய கம்பெனிக்கும் அது போனது. அங்கே பெட்டி பிரிக்கிறவர்களுக்குக்கூட அந்த ஜெ தெரியும். பிறகென்ன, எழுத்தே அவர்களைக் கையைப் பிடித்துத் தொழிற்பேட்டைக்குக் கூட்டிவந்துவிட்டது.

"வியாழக்கெழம பதினோரு மணிக்கு வீடியோல விசாரிக்கப் போறாங்க. அவங்களுக்குத் திருப்தியா இருந்தாத்தான் இனிமே ஆர்டர்னு பம்ப் கம்பெனிக்காரன் கறாராச் சொல்லிட்டான். அவனுக்கு அவங்க தயவு வேணும். நமக்கு அவன் தயவு வேணும்." பூபாலன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். "அவன் ஆர்டர் நின்னா கம்பெனியே நின்ன மாதிரிக்கா. முப்பத்துநாலு பேர். நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். இது எங்க பஞ்ச் இல்ல, யாரோ நம்மளப் பாத்துக் காப்பியடிச்சிருக்காங்கன்னு சொல்லிடுங்க. செக்கிங் நீங்க. நீங்க சொன்னா எடுபடும்."

ஜெகதாம்பாளுக்கு வேலை போய்விடுமே என்ற பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். யாருடைய எழுத்தை யாருடையது இல்லை என்று சொல்லச் சொல்கிறான்?

அந்த எழுத்தின் கதை தெரியாதவர்களுக்கு இந்தக் கோபம் விளங்காது. மேனாம்பேட்டிலேயே பிறந்து, மேனாம்பேட்டிலேயே வாழ்க்கைப்பட்டு, பத்தொன்பது வயதில் அவள் இந்தப் பட்டறைக்குள் வந்தபோது அவளுக்குக் கொடுத்த வேலை பிசிறு எடுப்பது. அறுத்த இரும்பின் ஓரத்தில் நிற்கும் கூர்மையை அரத்தால் தேய்க்க வேண்டும். அப்போது முதலாளி பூபாலனின் அப்பா. தேய்க்கக் கொடுத்த தண்டுகளில் சிலவற்றை அவள் தனியாக ஒதுக்கி வைப்பதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டார். "இது தடியா கீது, கையிலயே தெரீது," என்றாள். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் அவள் ஒதுக்கியதெல்லாம் அளவு மீறியதாகவே இருந்தது. மனுஷன் அசந்துபோய் அன்றைக்கே அவளை அளவு பார்க்கிற மேசையில் உட்காரவைத்தார். இன்றைக்கு அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. மேசை மாறவில்லை.

சரி பார்த்த தண்டின் முனையில் பார்த்தவருடைய அடையாளத்தைச் சுத்தியால் தட்டிப் பதிக்க வேண்டும். மற்ற பட்டறைகளில் நம்பர்தான். ஜெகதாம்பாள் அதற்கு ஒப்பவில்லை. லீவு நாளில் ரயிலேறிப் பாரிமுனைக்குப் போய், எழுத்து வெட்டுகிறவரிடம் உட்கார்ந்து, தமிழில் ஜெ வெட்டிய இரும்பு அச்சு ஒன்றை, பட்டறைப் பேச்சில் பஞ்ச், வாங்கிக்கொண்டு வந்தாள். "இங்கிலீசுல போட்டா எவனோ ஜார்ஜுன்னு நெனச்சிக்குவாங்க," என்று அதற்கு ஒரு காரணம் வேறு. ரேஷன் கார்டு புருஷன் பேரில், வீடு மாமனார் பேரில், கேஸ் சிலிண்டர்கூடப் புருஷன் பேரில். உலகத்தில் அவள் பேருக்கென்று இருந்தது அந்த ஒற்றை எழுத்துதான். அது எந்தெந்த ஊர்ப் பம்ப்புக்குள்ளோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் அவளுக்கு ஒரு தனிக் கர்வம். இருக்காதா பின்னே?

ஒருமுறை மானம் போயிற்று. அளவு மீறிய தண்டுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் தொட்டு வைப்பார்கள். யாரோ அதை எண்ணெயில் கழுவித் தெரியாமல் நல்லதோடு கலந்துவிட்டார்கள். ஐந்து மைக்ரான் அதிகம், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஓட ஓடச் சூடேறி, தண்டு உப்பி, உறைக்குள் இறுகி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. திரும்பி வந்த பம்ப்பைப் பிரித்துப் பார்த்த அன்றிலிருந்து அவள் பெயிண்டை நம்பவில்லை. கழித்த தண்டின்மேலும் தன் ஜெயைப் பதித்து, அதன் குறுக்கே உளியால் ஒரு கோடு போடுவாள். கோடு போட்ட ஜெ என்றால் ஜெகதாம்பாள் பார்த்து வேண்டாம் என்று தள்ளியது. எந்த எண்ணெயில் கழுவினாலும் அது போகாது. பிறகு அந்தத் தண்டை ரம்பத்தில் இரண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட வேண்டும். இதெல்லாம் பட்டறைக்குள் மட்டும் தெரிந்த வழக்கம்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது கலியமூர்த்தி டிவிக்கு முன்னால் மோர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தார். அவள் புருஷன். கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது உலக விவகாரங்களை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். டிவியில் நாலு பேர் பெரியண்ணனைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அவன் பூந்ததாலதான் அந்தச் சின்ன நாடு இன்னும் உசுரோட கீது," என்றார் கலியமூர்த்தி. "ஒருத்தன் போட்டு அடிக்கிறான், ஊரே வேடிக்க பாக்குது. எவனாச்சும் ஒருத்தன் கேக்கணுமா வேணாமா?"

ஜெகதாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் கேள்வியைக் கேட்க இந்த வீட்டில் இவருக்கா யோக்கியதை? கல்யாணமாகி ஆறேழு வருடம் இதே மனுஷன் குடித்துவிட்டு வந்து அவளை அடித்தார். தெருவில் ஒரு கதவு திறந்ததில்லை. அது அவங்க ஊட்டு விஷயம் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் கேட்டவன் ஒருத்தன், வேம்புலி. தண்ணீர் கேன் வியாபாரம், கூடவே தெரு ரவுடித்தனம். ஒருநாள் சாயங்காலம் உள்ளே வந்து கலியமூர்த்தியை ஓங்கி ஓர் அறை விட்டான். அடி அன்றோடு நின்றது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேம்புலி நிற்கவில்லை. மறுநாள் முன்னறையில் நாலு கேனைக் கொண்டுவந்து வைத்தான். அப்புறம் நாற்பது கேன். காலையில் வந்து உட்கார்ந்துகொண்டு, டீ போடு என்பான். "நான் மட்டும் இல்லன்னா நீ இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்ப," என்பான். இரண்டு வருடம் சொந்த வீட்டில் அவள் கொல்லைப்புறமாக வந்து போனாள். ஒருநாள் விடிந்ததும் அத்தனை கேனையும் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு, வாசலில் அரிவாள்மணையோடு உட்கார்ந்தாள். "நீ அடிச்சாலும் இனிமே நான்தான் கேப்பேன், அவன் வந்தாலும் நான்தான் கேப்பேன்," என்று புருஷனிடம் சொன்னாள். இரண்டு பேருமே அதற்குப் பிறகு வாலாட்டவில்லை.

"இன்னா மொறைக்கிற?" என்றார் கலியமூர்த்தி.

"ஒண்ணுமில்ல. மோரு குடி."

மகள் லாவண்யா ஐடி கம்பெனியிலிருந்து வந்ததும் ஜெகதாம்பாள் விஷயத்தைச் சொன்னாள். லாவண்யா லேப்டாப்பைத் திறந்து, அந்தப் படம் வந்த வெளிநாட்டுப் பத்திரிகையின் பக்கத்தையே தேடி எடுத்துவிட்டாள். பூபாலன் காட்டியது வெட்டிய படம். இங்கே முழுசாக இருந்தது, துடைத்து எடுத்த இன்னொரு படமும் இருந்தது.

"பெருசு பண்ணும்மா," என்றாள் ஜெகதாம்பாள்.

திரை நிறைய அவளுடைய எழுத்து வந்து நின்றது. புழுதி இல்லை. எழுத்தின் குறுக்கே இடது மேலிருந்து வலது கீழாக ஒரு கோடு. பார்க்கிறவர்களுக்கு அது கீறல். அவளுக்கு அவள் கை. இடது மேலிருந்து வலது கீழே, எப்போதும் அப்படித்தான் உளியை வைப்பாள்.

"இது நான் தள்ளுனதுடி," என்றாள். "இது வெளியவே போவக்கூடாத சாமான்டி."

அடுத்த படம் தண்டு கிடைத்த இடம். இடிந்து கிடந்த ஒரு ரொட்டிக் கடை. அதன் முன்னால் ஒரு பெண், தலையெல்லாம் மாவும் சுண்ணாம்பும், கையில் காலித் தட்டு. அவளுக்கும் ஐம்பது வயது இருக்கும். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறவள்போல நின்றாள். ஜெகதாம்பாள் அந்தப் படத்தை மூடவிடவில்லை. சாப்பிடவும் இல்லை.

மறுநாள் அவள் பட்டறைக்குள் நுழைந்ததும் நேரே, தள்ளிய தண்டுகளைப் போட்டுவைக்கிற கழிவுப் பெட்டிக்குப் போனாள். பூட்டியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர் படுத்துப்போன வருடத்தில், பழைய இரும்பை நானே பார்த்துக்கறேன்க்கா என்று பூபாலன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டது அவள் நினைவுக்கு வந்தது. அப்போது அதை அக்கறை என்று நினைத்தாள். அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒன்றரை நாள் அவன் அவள் கண்ணில் படாமல் கும்முடிப்பூண்டி, குமணன்சாவடி என்று சுற்றிக்கொண்டிருந்தான். புதன்கிழமை மத்தியானம் பிடித்துவிட்டாள்.

"கோடு கீது தம்பி," என்றாள்.

பூபாலனின் முகம் வெளுத்தது.

"வெட்டாம வித்தியா?"

"ஒருத்தன் வந்தான்க்கா. வயல் உழுவுற பவர் டில்லருக்குத்தான், சுமாரா இருந்தாலும் பரவால்லன்னான். அப்ப ரம்பத்துல நிக்கக்கூட ஆள் இல்ல. மூணு பெட்டி, அவ்ளோதான். அது எங்கெங்க போய் எவன் கைக்குப் போச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது." அப்புறம் அவனுக்கும் கோபம் வந்தது. "சரிக்கா, நான் செஞ்சது தப்புதான். இதக் கேக்க அவன் யாரு? அவனே எத்தன நாட்டுல குண்டு போட்டிருக்கான்! அந்தக் குண்டுல இருந்த ஆணி எந்தப் பட்டறையில செஞ்சதுன்னு எவனாவது வீடியோ போட்டு விசாரிச்சானா? அவன் போட்டா அமைதிக்கு, அடுத்தவன் போட்டா அக்கிரமமா?"

அது நியாயமான கேள்வி என்பதுதான் தொல்லை. "அவன் யாருன்றது இருக்கட்டும்," என்றாள் ஜெகதாம்பாள். "நம்பளாண்ட கேக்க வேண்டியவங்க எவனும் கேக்கலியே. நானே கேக்கல."

வெளியே வந்தால் குப்பம்மா நின்றுகொண்டிருந்தாள். பிசிறு எடுக்கிறவள், முப்பது வருடம் முன்பு ஜெகதாம்பாள் உட்கார்ந்த அதே பலகையில் உட்காருகிறவள். இரண்டு பெண் குழந்தைகள், புருஷன் இல்லை.

"அக்கா, நம்ம எழுத்து இல்லன்னு சொல்லிட்டா எல்லாம் சரியாப் பூடும்ன்றாங்களே. சொல்லிடுவல்லக்கா?"

ஜெகதாம்பாள் அவள் தோளைத் தொட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காக அன்று முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பூபாலன் அறைக் கதவைச் சாத்தினான். திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் பம்ப் கம்பெனி மேனேஜர், வாயைத் திறப்பதாக இல்லை. ஒன்றில் பெரியண்ணனின் அதிகாரி. சிங்கப்பூரில் அவர்களுடைய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, முகத்தில் மரியாதை. மூன்றாவதில் மொழிபெயர்க்கிற பெண்.

"வணக்கம் அம்மா. அவர் கேக்கிறதை நான் அப்பிடியே தமிழில சொல்லுவன். நீங்கள் சொல்லுறதை அப்பிடியே அவருக்குச் சொல்லுவன். சரிதானே?"

ஈழத்துத் தமிழ். வந்து தலையிட்டவர்களையும் பார்த்து, கடைசியில் யாரும் தலையிடாமல் போனதையும் பார்த்த ஊர்க்காரி. ஜெகதாம்பாளுக்கு அந்தக் குரல் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

பேர், வயது, எத்தனை வருட வேலை, போன் நம்பர் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் படம் திரையில் வந்தது.

"இந்த எழுத்து உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறார்."

கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்பது அவளுக்குக் கேட்டது. எல்லோரும் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள் என்று புரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை. சொன்னால் குப்பம்மாவின் குழந்தைகளுக்குச் சோறு. சொல்லிவிடலாம் என்றுகூட வாயைத் திறந்தாள்.

திறந்த வாயில் வந்தது வேறு. "தெரியும். என்னுதுதான்."

பூபாலன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப இந்தத் தண்டை நீங்கள்தான் பாத்து அனுப்பினீங்களோ?"

"பாத்தது நான். அனுப்பல. குறுக்கால ஒரு கோடு தெரீதே, அத்த நல்லாப் பாக்கச் சொல்லும்மா. அது கீறல் இல்ல. நான் உளி வெச்சிப் போட்டது. வேணாம்னு கழிச்சிட்டேன்னு அர்த்தம்."

அந்தப் பெண் சொல்லி முடித்ததும் அதிகாரி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். இத்தனை மாதமாக அவர்கள் அந்தக் கோட்டையும் எழுத்தின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. படபடவென்று ஏதோ எழுதினார்.

"கழிச்ச சாமான் எப்பிடி வெளியில போனது? வித்தது ஆர்?"

ஜெகதாம்பாள் பூபாலனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே பதிலாகிவிடும்.

"அத்த உங்களாண்ட சொல்ல மாட்டேன்," என்றாள்.

"ஏன் எண்டு கேக்கிறார்."

"தப்பு எங்கூட்ல நடந்தது. நாங்க கேக்கணும், எங்க கவருமெண்டு கேக்கணும். இத்தினி நாளு கேக்கல, அது எங்க மேல தப்பு. அதுக்குன்னு நீங்க வந்து ஊட்டுக்குள்ள உக்காந்துக்க முடியாது. இது என் கை எழுத்து. அத்த மறைக்க மாட்டேன், அவ்ளோதான்."

மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி கோபப்படவில்லை. ஒத்துழைக்க மறுத்தால் அதன் விளைவுகள் பட்டறைக்குத்தான் என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதி வேம்புலி விட்ட அறையைவிட அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? அந்த ரொட்டிக் கடைகிட்ட ஒரு அம்மா தட்ட வெச்சிகினு நிக்கறாங்களே, அவங்க இன்னா ஆனாங்க?"

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"அது இந்த விசாரணைக்குள்ள வராது எண்டு சொல்லுறார் அம்மா."

"தண்டு எத்தினி நீளம்னு தெரீது, இன்னா இரும்புன்னு தெரீது, என் எழுத்து வரிக்கும் தெரீது. அந்தம்மாவத் தெரியாதா?" ஜெகதாம்பாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்ப இன்னாத்துக்குத்தான் இத்தினி தூரம் வந்தீங்க?"

மொழிபெயர்க்கிற பெண் இதை உடனே சொல்லவில்லை. அதிகாரி இரண்டு தரம் கேட்ட பிறகுதான் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு நன்றி சொன்னார். திரை அணைந்தது.

"எம்பேரை ஏன்க்கா சொல்லல?" என்றான் பூபாலன்.

"அவன் கேட்டான், சொல்லல. இப்ப நான் கேக்கறேன், நீ எய்து. யாருக்கு வித்த, எத்தினி பெட்டி, எப்ப வித்த, எல்லாம் எய்து. வெளிநாட்டுக்குப் போற சாமானப் பாக்கற நம்ம கவருமெண்டு ஆபீஸ் இல்ல? அங்க குடு."

"உள்ள தூக்கிப் போட்ருவாங்கக்கா."

"போட்டா நம்ம ஆளு போடட்டும். நான் சோறு எடுத்துகினு வரேன்."

அவன் எழுதினான். அழுதுகொண்டேதான் எழுதினான். முடித்ததும் அவளைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னான். ஜெகதாம்பாள் தன் மேசைக்குப் போய்ப் பஞ்ச்சையும் சுத்தியையும் எடுத்துவந்தாள். தாளின் கீழ் ஓரத்தில் வைத்து ஒரே அடி. தாள் கிழிந்து மேசைப் பலகையிலும் ஜெ இறங்கிவிட்டது. அந்த மேசையில் அது இன்னும் இருக்கிறது.

பெரியண்ணனின் பதில் ஆறே நாளில் வந்தது. பட்டறையின் பெயர் அவர்களுடைய கறுப்புப் பட்டியலில் ஏறியது, ஆர்டர் நின்றது. முப்பத்துநாலு பேர் பதினொரு பேர் ஆனார்கள். குப்பம்மா வெள்ளானூர் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்குப் போய்விட்டாள். போகும்போது ஜெகதாம்பாளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வலி அவளுக்கு ஆறவே இல்லை. நம் ஊர் ஆபீசிலிருந்து பதில் வரவில்லை. புதன்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறிப் போய், எங்க தம்பி குடுத்த மனு இன்னாச்சி என்று கேட்டுவிட்டு வருகிறாள். செக்‌ஷன் மாறிவிட்டது என்கிறார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் காலை, பட்டறையில் இருக்கும்போது அவள் போனுக்கு ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து குரல் செய்தி வந்தது.

"அம்மா, நான் அண்டைக்கு மொழிபெயர்த்த ஆள். நான் உங்களோட இப்பிடிக் கதைக்கக் கூடாது. ஆனா நீங்கள் கேட்டது எனக்கு மனசை விட்டுப் போகேல்லை. அந்தப் படம் எடுத்தவரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டனான். அவ உயிரோட இருக்கிறா. கடைக்குள்ள நிண்ட அவவின்ர தங்கச்சியும் ரொட்டி வாங்க வந்த நாலு பேரும்தான் இல்லை. அந்த விமானம் கடைக்கெண்டு வந்ததில்லையாம் அம்மா. ஊருக்கு வெளியில ஆக்கள் இல்லாத எண்ணெய்க் கிடங்குக்கு அனுப்பினதாம். வாற வழியில எஞ்சின் நிண்டு கடைக்கு மேல விழுந்திட்டுதாம்."

ஜெகதாம்பாள் அதை இரண்டாம் முறை போட்டுக் கேட்டாள். பிறகு பூபாலனைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தாள். முதலில் அவனுக்குப் புரியவில்லை. கடைசி வாக்கியத்தில் அவன் முகம் மாறியது.

"அந்தப் பெட்டியில எல்லாம் எவ்ளோ ஜாஸ்திக்கா?" என்றான்.

"அஞ்சு மைக்ரான். அன்னிக்கு நம்ம பம்ப்பு ஓடும்போதே நின்னுச்சே, அதே கணக்கு."

பூபாலன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எஞ்சின் ஏன் வழியில் நின்றது என்பது பெரியண்ணனுக்குத் தெரியாது, அனுப்பினவனுக்கும் தெரியாது, அந்த ரொட்டிக் கடைப் பெண்ணுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

ஜெகதாம்பாள் கழிவுப் பெட்டியைத் திறந்தாள். சாவி இப்போது அவளிடம்தான் இருந்தது. அவனை எழுப்பி ரம்பத்தின் முன்னால் நிறுத்தினாள். கோடு போட்ட தண்டுகளை ஒவ்வொன்றாக அவள் எடுத்துக் கொடுக்க, அவன் வெட்டினான். சாப்பாட்டு மணி அடித்தும் இருவரும் நிறுத்தவில்லை.